வாசகர் கேள்வி – பதில்: கிளஸ்டருக்கு வாசல் வைப்பது எப்படி?

குபர்நெட்டிஸ் என்பது பல சர்வர்களை ஒரு கூட்டமாக (கிளஸ்டராக) இணைத்து, கண்டெய்னர் எனும் பொட்டலங்களில் அடைத்த செயலிகளை ஓட்டும் மென்பொருள். அத்தகைய கிளஸ்டரில் கண்டெய்னர்களை ஓட்டப் பழகியவர்களிடமிருந்து இம்முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. செயலி உள்ளே நன்றாக ஓடுகிறது, வெளியிலிருந்து அதை எட்ட முடியவில்லை என்பதே அந்த இடம். எனவே இந்தப் பகுதி முழுவதையும் இன்கிரஸ் கன்ட்ரோலர் எனப்படும் போக்குவரத்து வழிநடத்தியை நிறுவுவது பற்றிய கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் இணையச் செயலி கிளஸ்டருக்குள் ஓடுகிறது, அதற்கு ஒரு சர்வீசும் (செயலிக்குக் கிளஸ்டருக்குள் நிலையான முகவரி தரும் பொருள்) இருக்கிறது. செயலியின் முகவரியைக் குறிப்பிட்டு ஓர் இன்கிரஸ் விதியை (எந்தத் தளப்பெயருக்கான கோரிக்கை எந்தச் சர்வீசுக்குப் போக வேண்டும் என்ற குறிப்பு) எழுதிச் சேர்த்தேன். கிளஸ்டர் எந்தப் பிழையும் சொல்லாமல் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் உலாவியில் எதுவும் வரவில்லை. பிழையே காட்டாத ஒன்றில் பிழையை எங்கே தேடுவது?

பதில்: நீங்கள் விதியை எழுதிவிட்டீர்கள், அதைப் படித்து நடத்துவதற்கு ஆளை வைக்கவில்லை. டெப்ளாய்மென்ட், ஜாப் போன்றவற்றைக் கவனிக்கும் கன்ட்ரோலர்கள் குபர்நெட்டிசுடனேயே வந்துவிடுகின்றன; இன்கிரசுக்கு மட்டும் அப்படி எதுவும் உடன் வருவதில்லை. விதியின் இலக்கணம் சரியாக இருக்கும்வரை கிளஸ்டரின் வரவேற்பாளரான ஏபிஐ சர்வர் அதை வாங்கித் தன் தரவுக்கிடங்கில் வைத்துக்கொள்ளும். அதைச் செயல்படுத்த யாராவது இருக்கிறார்களா என்று அது பார்ப்பதில்லை, ஆகவே பிழை சொல்லவும் அதற்குக் காரணமில்லை. கியூப்சிடிஎல் என்ற கட்டளைக் கருவி கொண்டு இன்கிரஸ் பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். முகவரிக்கான பத்தி வெறுமையாக இருந்தால், உங்கள் விதியை யாரும் இன்னும் கையில் எடுக்கவில்லை என்று பெரும்பாலும் முடிவு செய்துகொள்ளலாம்.

இன்கிரஸ் கன்ட்ரோலர் என்பதும் ஒரு சாதாரண பாட்தான் (கண்டெய்னர்கள் ஓடும் மிகச் சிறிய அலகு). அதற்குள் என்ஜின்எக்ஸ், என்வாய், எச்ஏ ப்ராக்ஸி போன்ற ஏதாவது ஒரு ரிவர்ஸ் ப்ராக்ஸி (முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கிப் பின்னுள்ள செயலிகளுக்கு அனுப்பும் நிரல்) இருக்கும். அதனுடன், ஏபிஐ சர்வரை இடைவிடாமல் கவனித்து, விதி ஒன்று புதிதாக வந்தாலோ பாட் ஒன்று பிறந்தாலோ இறந்தாலோ அந்த ப்ராக்ஸியின் அமைப்பைத் திருத்தி எழுதும் ஒரு நிரலும் இருக்கும். வெளியிலிருந்து வரும் கோரிக்கை முதலில் இந்தப் பாடுக்கு வருகிறது. கோரிக்கையில் உள்ள தளப்பெயரையும் பாதையையும் பார்த்து, எந்தச் செயலியிடம் அனுப்புவது என்பதை அது தீர்மானிக்கிறது.

நிறுவும் வேலை மிகச் சிறியது. குபர்நெட்டிசில் மென்பொருள் நிறுவ உதவும் ஹெல்ம் கருவியில் அந்தக் கன்ட்ரோலரின் களஞ்சியத்தைச் சேர்த்து, தனியாக ஒரு நேம்ஸ்பேஸ் (கிளஸ்டருக்குள் ஒரு தனிப் பிரிவு) கொடுத்து, பதிப்பு எண்ணைத் தெளிவாகக் குறிப்பிட்டு ஒரே கட்டளையில் நிறுவிவிடலாம். பதிப்பு எண்ணைக் குறிப்பிடுங்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். அதை விட்டுவிட்டால், ஆறு மாதம் கழித்து இன்னொரு கிளஸ்டரில் அதே கட்டளையை இடும்போது வேறொரு பதிப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டு கிளஸ்டர்களும் ஏன் வெவ்வேறு விதமாக நடக்கின்றன என்று தேடுவதற்கு ஒரு நாள் போய்விடும். மாற்ற விரும்பும் அமைப்புகளைக் கட்டளை வரியில் நீட்டிக்கொண்டு போகாமல் ஒரு யாமல் கோப்பில் எழுதி, மற்ற நிரல்களுடன் கிட் (Git) என்ற பதிப்புக் களஞ்சியத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

அந்த ஒரு கட்டளை என்னென்ன செய்கிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். கன்ட்ரோலர் பாடுகளை ஓட்டும் டெப்ளாய்மென்ட் அல்லது டீமன்செட் ஒன்று, அவற்றுக்கு வெளியுலகத்திலிருந்து வழி தரும் சர்வீஸ் ஒன்று, இன்கிரஸ் கிளாஸ் என்ற அடையாளப் பெயர் ஒன்று, கிளஸ்டர் முழுவதிலும் உள்ள விதிகளைப் படிப்பதற்கான உரிமைகள் ஆகியவை உருவாகின்றன. சான்றிதழ்களைப் படிக்க வேண்டியிருப்பதால் சீக்ரெட்டுகளை, அதாவது சாவி, கடவுச்சொல் போன்ற ரகசியங்களை, பார்க்கும் உரிமையும் வழக்கமாக இதற்குள் அடங்கும். கிளஸ்டருக்குள் இவ்வளவு அதிகாரம் பெற்று, அதே சமயம் இணையத்தைப் பார்த்தபடி நிற்கும் நிரல் இதுவாகத்தான் இருக்கும் என்பதால், எதை நிறுவுவது என்ற அடுத்த கேள்வியை அலட்சியமாக விட முடியாது.

கேள்வி: எதை நிறுவுவது? பழைய பாடங்கள் எல்லாமே இன்கிரஸ் என்ஜின்எக்ஸ் என்கின்றன. அது முடிந்துபோய்விட்டது என்கிறார் ஒருவர். இல்லை, இன்னொரு நிறுவனம் அதை நடத்துகிறது என்கிறார் மற்றொருவர். யார் சொல்வது சரி?

பதில்: இருவர் சொல்வதும் ஒரு வகையில் சரி, இரண்டு வெவ்வேறு பொருள்களைப் பற்றிப் பேசுகிறார்கள். குபர்நெட்டிஸ் சமூகத்தின் கீழ் வளர்ந்து, பல ஆண்டுகளாகப் பாடநூல் உதாரணமாகவே ஆகிவிட்டது இன்கிரஸ் என்ஜின்எக்ஸ். என்ஜின்எக்சை வைத்திருக்கும் எஃப்5 நிறுவனம் வெளியிடுவது என்ஜின்எக்ஸ் இன்கிரஸ் கன்ட்ரோலர். பெயரில் சொற்கள் இடம் மாறியிருப்பதைத் தவிர வித்தியாசம் தெரியாது. ஆனால் இரண்டும் தனித்தனி நிரல்கள், விதிகளில் கூடுதல் அமைப்புகளைக் குறிக்க எழுதும் அனோட்டேஷன்களும் வேறு. ஒன்றுக்கு எழுதியதை மற்றொன்று அப்படியே புரிந்துகொள்ளும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

முடிந்துபோனது முதலாவது. அதை ஓய்வுபெறச் செய்வதாகக் குபர்நெட்டிஸ் சமூகம் 2025 நவம்பரில் அறிவித்தது. 2026 மார்ச் வரை இயன்ற அளவு பராமரிப்பு, அதன்பின் புதிய பதிப்பும் இல்லை, பாதுகாப்புத் திருத்தமும் இல்லை என்பதே அறிவிப்பின் சாரம். ஏற்கெனவே நிறுவியவை அந்த நாளோடு நின்றுவிடுவதில்லை, அவை ஓடிக்கொண்டேதான் இருக்கும். கதவு திறந்து கிடப்பது வெளியே தெரியாத வீடு போன்ற நிலைமை அது. உலகெங்கும் இவ்வளவு பேர் சார்ந்திருந்த நிரலை நெடுங்காலமாக ஓரிருவர் தங்கள் ஓய்வு நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதை அந்த அறிவிப்பே ஒளிவு மறைவின்றிச் சொன்னது. பயன்படுத்திய நாம் எல்லோரும் சற்று வெட்கப்பட வேண்டிய செய்திதான்.

அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2025 மார்ச்சில், அதே நிரலில் இன்கிரஸ்நைட்மேர் என்று பெயர் பெற்ற குறைபாடுகள் வெளிவந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவற்றுள் கொடியதற்கு 10-க்கு 9.8 என்ற கடுமை மதிப்பு தரப்பட்டது. விதிகளைச் சரிபார்க்கும் அட்மிஷன் வெப்ஹுக் வழியாக, பாடுகளின் வலையமைப்பை எட்டக்கூடிய எவரும், கடவுச்சொல் எதுவுமின்றி, கன்ட்ரோலருக்குள் தம் நிரலை ஓட்டிவிட முடிந்தது. கன்ட்ரோலருக்குச் சீக்ரெட்டுகளைப் படிக்கும் உரிமை உண்டு என்று மேலே சொன்னதை இங்கே நினைவுகூர்ந்தால், கடுமை மதிப்பு ஏன் அந்த உயரத்துக்குப் போனது என்பது விளங்கும். 1.11.5, 1.12.1 ஆகிய பதிப்புகளில் அது சரிசெய்யப்பட்டது. ஆனால் இனி அப்படி ஒன்று வெளிவந்தால் சரிசெய்ய ஆளில்லை.

ஆகவே இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு இன்கிரஸ் என்ஜின்எக்சை நான் பரிந்துரைக்க மாட்டேன். சிறிய கிளஸ்டருக்கு ட்ரேஃபிக் எளிது. கே3எஸ் என்ற சிறு குபர்நெட்டிசைப் பயன்படுத்துபவர் என்றால் அது ஏற்கெனவே உள்ளேயே இருக்கும், நிறுவும் வேலையே இல்லை. எச்ஏ ப்ராக்சியில் பல ஆண்டு அனுபவம் உள்ள குழு அதன் கன்ட்ரோலரை எடுப்பதே இயல்பு, ஏனெனில் நள்ளிரவில் ஏதாவது நேர்ந்தால் பழகிய பதிவேடுகளைப் படிப்பது எளிது. என்வாயின் மேல் கட்டப்பட்ட கான்டூரும் உண்டு. மேகச் சேவை நிறுவனத்தின் கிளஸ்டரில் இருப்பவர்கள் அந்நிறுவனமே தரும் கன்ட்ரோலரை முதலில் பார்த்துவிடலாம். வேக ஒப்பீட்டு அட்டவணைகளில் நேரத்தைச் செலவிட வேண்டாம் என்பது என் கருத்து; பெரும்பாலான தளங்களில் தாமதம் செயலியில்தான் இருக்கிறது. கடைசி வெளியீடு எப்போது வந்தது, பாதுகாப்பு அறிவிப்புகளுக்கு எவ்வளவு விரைவாகத் திருத்தம் வந்திருக்கிறது என்ற இரண்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: எங்களிடம் சொந்தமாக மூன்று சர்வர்கள் உள்ளன. அவற்றில் கிளஸ்டர் அமைத்து, கன்ட்ரோலரை நிறுவினோம். பாடுகள் எல்லாம் ஓடுகின்றன. ஆனால் சர்வீசின் வெளி ஐபி பத்தியில் பென்டிங் என்றே நிற்கிறது. எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்?

பதில்: எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் வராது. இதைச் சற்றுக் கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம், முதன்முறை நானும் இதே திரையின் முன் ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன் என்பதுதான். பென்டிங் என்ற சொல் யாரோ வேலையைத் தொடங்கிவிட்டார்கள், முடிக்கச் சற்று நேரமாகிறது என்ற எண்ணத்தைத் தருகிறது. உண்மையில் அங்கே வேலையைத் தொடங்கவே ஒருவரும் இல்லை.

லோட்பேலன்சர் வகைச் சர்வீஸ் என்பது ஒரு விண்ணப்பம். மேகச் சேவையில் கிளஸ்டர் இருந்தால், அந்நிறுவனத்தின் நிரல் இந்த விண்ணப்பத்தைப் பார்த்து வெளியே ஓர் உண்மையான லோட் பேலன்சரை உருவாக்கி, அதன் முகவரியை இங்கே எழுதிவிடும். சொந்தச் சர்வர்களில் விண்ணப்பத்தைப் பார்ப்பவர் இல்லாததால் அது அப்படியே கிடக்கிறது. முதல் கேள்வியில் விதிக்கு நேர்ந்ததும் இதுவேதான் என்பதைக் கவனியுங்கள். குபர்நெட்டிசில் ஒன்றை எழுதி வைப்பது வேறு, அதை நிறைவேற்றுபவர் இருப்பது வேறு.

உங்களுக்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது மெட்டல்எல்பி. உங்கள் வலையமைப்பில் பயன்படாத சில முகவரிகளை அதனிடம் ஒப்படைத்தால், விண்ணப்பிக்கும் சர்வீஸ்களுக்கு அவற்றை அது எடுத்துக் கொடுக்கும். அதன் லேயர் 2 முறையில், ஒரு நோட் (கிளஸ்டரில் உள்ள ஒரு சர்வர்) அந்த முகவரி தன்னுடையது என்று உள்வலையமைப்புக்கு ஏஆர்பி என்ற நெறிமுறை மூலம் அறிவிக்கிறது. அந்த நோட் விழுந்தால் இன்னொன்று அந்தப் பொறுப்பை ஏற்கிறது. ஒரு முகவரிக்கான போக்குவரத்து முழுவதும் ஒரு நேரத்தில் ஒரே நோட் வழியாகத்தான் நுழையும் என்பதால், பெயரில் லோட் பேலன்சர் என்று இருந்தாலும் இந்த முறை தருவது மாற்று ஏற்பாட்டைத்தானே தவிர, நுழைவிடத்தில் சுமைப் பகிர்வை அன்று. உங்கள் ரவுட்டர்கள் பிஜிபி என்ற வழிகாட்டு நெறிமுறையைப் பேசுமானால் பிஜிபி முறையில் அந்தக் குறை நீங்கும். எதை எடுத்தாலும், கணினிகளுக்குத் தானாக முகவரி தரும் டிஎச்சிபி சர்வர் வழங்கும் வரம்புக்கு வெளியே உள்ள முகவரிகளையே கொடுங்கள். இல்லாவிட்டால் ஒருநாள் யாரோ ஒருவரின் மடிக்கணினியும் உங்கள் இணையதளமும் ஒரே முகவரிக்காக மோதிக்கொள்ளும், அந்தச் சிக்கல் விட்டு விட்டு வருவதால் கண்டுபிடிப்பதும் கடினம்.

இரண்டாவது, சர்வீசை நோட்போர்ட் வகையாக (ஒவ்வொரு நோடிலும் ஒரு போர்ட் எண்ணைத் திறப்பது) மாற்றி, முன்னால் நீங்களே ஒரு ப்ராக்ஸியை வைப்பது. நோட்போர்ட்டுக்கான இயல்பான வரம்பு 30000 முதல் 32767 வரை. இணையதளங்களின் வழக்கமான போர்ட்டுகளான 80-ஐயும் 443-ஐயும் அதில் கேட்க முடியாது. மூன்றாவது, கன்ட்ரோலர் பாடுகளை நோடின் சொந்த வலையமைப்பிலேயே ஓடவிட்டு 80-ஐயும் 443-ஐயும் நேரடியாகப் பிடிப்பது. இது எளிமையானது, ஆனால் அந்த போர்ட்டுகள் ஒரு நோடில் ஒரு பாடுக்கு மேல் கிடைக்காது என்பதையும், நோட் விழுந்தால் தளப்பெயரை ஐபியுடன் இணைக்கும் டிஎன்எஸ் பதிவை நீங்களே மாற்ற வேண்டியிருக்கும் என்பதையும் ஏற்றுக்கொண்டுதான் இதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று சர்வர்கள் உள்ள உங்களுக்கு மெட்டல்எல்பியின் லேயர் 2 முறையே போதும்.

கேள்வி: வெளி ஐபி வந்துவிட்டது, டிஎன்எஸ் பதிவும் செய்தாகிவிட்டது. ஆனால் ஒரு செயலிக்கு 404, இன்னொன்றுக்கு 503, மூன்றாவதற்கு 502 என்று வருகிறது. கன்ட்ரோலரை நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவிப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். மூன்று எண்கள் வருகின்றன என்பதே கன்ட்ரோலர் உயிரோடு இருந்து பதில் சொல்கிறது என்பதற்குச் சான்று. கோரிக்கை அதன் வாசலே வராமல் போயிருந்தால் உலாவி நெடுநேரம் சுற்றிவிட்டு, இணைப்பு இல்லை என்று கைவிரித்திருக்கும். இந்த எண்கள் கோரிக்கை எதுவரை போய் நின்றது என்பதைச் சொல்கின்றன. கன்ட்ரோலருக்குக் கன்ட்ரோலர் இவற்றின் பொருள் சற்று மாறினாலும் பொதுவான நடைமுறையைச் சொல்கிறேன்.

404 வந்தால், அதைச் சொன்னது கன்ட்ரோலரா செயலியா என்று முதலில் பாருங்கள். வெறுமையான பக்கத்தில் ப்ராக்சியின் பெயரோ வறண்ட ஒரு வரியோ மட்டும் இருந்தால் அது கன்ட்ரோலரின் பதில். வந்த தளப்பெயருக்கும் பாதைக்கும் பொருந்தும் விதி அதனிடம் இல்லை என்று பொருள். விதியில் தளப்பெயர் பிழையாக இருக்கலாம், அல்லது இன்கிரஸ் கிளாஸ் பெயர் பொருந்தாமல் இருக்கலாம். உங்கள் செயலியின் அலங்காரத்தோடு கூடிய 404 பக்கம் வந்தால், கோரிக்கை செயலிவரை போய்விட்டது. பாதைதான் அதற்குப் புரியவில்லை. கணக்கு என்ற பாதைக்கு வருவதைக் கணக்குச் செயலிக்கு அனுப்பு என்று விதி எழுதியிருப்பீர்கள். கன்ட்ரோலர் அந்தப் பாதையை முன்னொட்டோடு அப்படியே அனுப்பும், செயலியோ தன் முகப்புப் பக்கம் வெறும் சாய்கோட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும். முன்னொட்டை நீக்குவது இன்கிரஸ் தரத்தில் இல்லை. ஒவ்வொரு கன்ட்ரோலரும் அதற்குத் தனக்கென ஒரு வழி வைத்திருக்கிறது.

503 வந்தால் விதி பொருந்திவிட்டது, ஆனால் சர்வீசின் பின்னால் தயாராக உள்ள பாட் ஒன்றும் இல்லை. சர்வீசின் பின்னுள்ள பாடுகளைக் காட்டும் எண்ட்பாயிண்ட்ஸ்லைஸ் பட்டியலைப் பாருங்கள். அது வெறுமையாக இருந்தால், சர்வீஸ் தன் பாடுகளைத் தேர்ந்தெடுக்கும் செலக்டரில் உள்ள லேபிளும் பாடின் லேபிளும் ஓர் எழுத்தில் வேறுபடுகின்றன. முகவரி இருந்தும் தயார் இல்லை என்று குறித்திருந்தால், பாட் தன் ரெடினஸ் (தயார்நிலை) சோதனையில் தேறவில்லை.

502-தான் மூன்றில் சுவையானது. பாட் இருக்கிறது, முகவரியும் தெரிகிறது, தட்டினால் திறக்கவில்லை. சர்வீசின் டார்கெட்போர்ட்டும் (கோரிக்கையை அது அனுப்பும் போர்ட் எண்) செயலி உண்மையில் கேட்கும் போர்ட்டும் வேறுபட்டிருப்பது வழக்கமான காரணம். இன்னொரு காரணம் அனுபவசாலிகளையும் ஏமாற்றும். செயலி 127.0.0.1 என்ற உள்முகவரியில் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். மேம்பாட்டுக்கான சர்வர்கள் பலவற்றில் இயல்பாகவே அப்படித்தான் இருக்கும். நீங்கள் ஐயப்பட்டு கியூப்சிடிஎல் போர்ட்ஃபார்வர்டு (உங்கள் கணினியிலிருந்து பாடுக்கு நேரடி வழி போடும் கட்டளை) போட்டுப் பார்த்தால் பக்கம் அழகாகத் திறக்கும், செயலியில் குறையில்லை, கன்ட்ரோலரில்தான் குறை என்று தீர்ப்பும் எழுதிவிடுவீர்கள். ஆனால் போர்ட்ஃபார்வர்டு பாடுக்கு உள்ளே சென்று, அதே 127.0.0.1 முகவரியைத்தான் தட்டுகிறது. சர்வீசின் பெயரைக் கொடுத்துப் போர்ட்ஃபார்வர்டு போட்டாலும், அது ஒரு பாடைத் தேர்ந்தெடுத்து இதையேதான் செய்யும். கன்ட்ரோலரோ வெளியிலிருந்து பாடின் ஐபிக்கு வருகிறது. அங்கே கேட்பவர் இல்லை. செயலியை 0.0.0.0 (எல்லா முகவரிகளும் என்று பொருள்) முகவரியில் கேட்கும்படி மாற்றினால் 502 மறைந்துவிடும்.

இதனால் சோதனையை எப்போதும் உள்ளிருந்து வெளியே நோக்கிச் செய்யுங்கள் என்பேன். தற்காலிகமாக ஒரு சிறு பாடை எழுப்பி, அதற்குள்ளிருந்து கோரிக்கை அனுப்பும் கர்ல் கருவியால் முதலில் செயலிப் பாடின் ஐபியை அழையுங்கள். அடுத்து சர்வீசின் பெயரை. அடுத்து கன்ட்ரோலரின் சர்வீசை, ஹோஸ்ட் தலைப்பில் உங்கள் தளப்பெயரை வைத்து. கடைசியாகக் கிளஸ்டருக்கு வெளியே வந்து, டிஎன்எஸ்சை நம்பாமல், கர்லின் ரிசால்வ் விருப்பத்தால் தளப்பெயரை வெளி ஐபியோடு கைப்பட இணைத்து அழையுங்கள். எந்தப் படியில் முதன்முதலாகப் பதில் மாறுகிறதோ அதற்கும் முந்தைய படிக்கும் இடையில்தான் குறை இருக்கிறது. இந்த நான்கு அழைப்புகளுக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. உலாவியில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் நான்கு படிகளின் குறைகளும் ஒரே முகத்தோடு வந்து நிற்கும்.

கேள்வி: ஒரே கிளஸ்டரில் இரண்டு கன்ட்ரோலர்களை வைக்கலாமா?

பதில்: தாராளமாக வைக்கலாம், பொதுமக்களுக்கு ஒன்று, உள் அலுவலகப் பயன்பாட்டுக்கு ஒன்று என்று வைப்பவர்கள் பலர். ஒவ்வொன்றுக்கும் தனி இன்கிரஸ் கிளாஸ் பெயர் வேண்டும், ஒவ்வொரு விதியிலும் இன்கிரஸ்கிளாஸ்நேம் என்ற வரியில் அந்தப் பெயரை எழுத வேண்டும். பெயரே எழுதாத விதிகளை ஏற்கும் இயல்புக் கிளாசாக ஒன்றை மட்டும் குறியுங்கள். இரண்டைக் குறித்தால், பெயரில்லாத புதிய விதிகள் எதனிடம் சேரும் என்பதில் குழப்பம் வரும்.

கேள்வி: பூட்டுக்குறி வர வேண்டிய இடத்தில் உலாவி எச்சரிக்கை காட்டுகிறது. சான்றிதழின் விவரத்தைத் திறந்தால் அது போலிச் சான்றிதழ் என்றே எழுதியிருக்கிறது. யாராவது ஊடுருவிவிட்டார்களா?

பதில்: அச்சம் வேண்டாம், அந்தப் பெயரைப் பார்த்துத் திடுக்கிடாதவர் குறைவு. உங்கள் தளத்துக்கான சான்றிதழ் கிடைக்காதபோது, கையில் எதுவுமில்லாமல் நிற்பதற்குப் பதிலாகக் கன்ட்ரோலர் தானே உருவாக்கிய ஒரு சான்றிதழை நீட்டுகிறது. இன்கிரஸ் என்ஜின்எக்ஸ் அதற்கு ஃபேக் சர்டிஃபிகேட் என்றே வெளிப்படையாகப் பெயர் வைத்திருக்கிறது. விதியில் குறிப்பிட்ட சீக்ரெட் இல்லை, அல்லது வேறு நேம்ஸ்பேசில் இருக்கிறது, அல்லது அதில் உள்ள சான்றிதழ் உங்கள் தளப்பெயருக்குரியது அன்று. இரண்டாவது காரணத்தைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். சீக்ரெட் எப்போதும் இன்கிரஸ் விதி இருக்கும் அதே நேம்ஸ்பேசில் இருக்க வேண்டும். கன்ட்ரோலர் இருக்கும் நேம்ஸ்பேசில் வைத்தால் பயனில்லை.

சான்றிதழ்களைக் கையால் புதுப்பிக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். இலவசச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்டின் வழக்கமான சான்றிதழ் 90 நாட்களே செல்லும். காலாவதி நெருங்கும்போது முன்பு அவர்கள் அனுப்பிவந்த நினைவூட்டல் அஞ்சலும் 2025 ஜூன் முதல் நின்றுவிட்டது. சான்றிதழ்களைத் தானாகப் பெற்றுத்தரும் செர்ட்மேனேஜரை நிறுவினால் ஆயுளில் மூன்றில் இரண்டு பங்கு கழிந்ததும் அதுவே புதுப்பித்துவிடும். தளப்பெயர் உங்களுடையதே என்ற உரிமையை எச்டிடிபி முறையில் சரிபார்க்க வேண்டுமானால் 80-ஆம் போர்ட் வெளியிலிருந்து திறந்திருக்க வேண்டும். பாதுகாப்பு என்று நினைத்து 443-ஐ மட்டும் திறந்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். நட்சத்திரக் குறியிட்ட பொதுச் சான்றிதழுக்கு டிஎன்எஸ் முறை ஒன்றே வழி. சோதித்துப் பழகும்வரை அவர்களின் ஸ்டேஜிங் (சோதனை) முகவரியைப் பயன்படுத்துங்கள். ஒரே பெயர்த்தொகுதிக்கு ஏழு நாட்களில் ஐந்து சான்றிதழ்கள்தான் தருவார்கள்; அந்த வரம்பைச் சோதனையிலேயே தீர்த்துவிட்டால் வெளியீட்டு நாளில் கையைப் பிசைய வேண்டியதுதான்.

கேள்வி: செயலியின் பதிவேட்டில் எல்லாப் பார்வையாளர்களும் ஒரே உள் ஐபியிலிருந்து வருவதுபோல் தெரிகிறது. உண்மை ஐபியை எப்படிப் பெறுவது?

பதில்: இயல்பான அமைப்பில் எந்த நோடுக்கு வந்த போக்குவரத்தும் பாட் உள்ள வேறொரு நோடுக்குத் திருப்பப்படலாம்; அப்போது வழியில் மூல முகவரி மாற்றி எழுதப்படுகிறது. கன்ட்ரோலரின் சர்வீசில் எக்ஸ்டெர்னல் டிராஃபிக் பாலிசி என்பதை லோக்கல் என்று மாற்றினால் அந்தத் தாவல் நின்று, உண்மை முகவரி தப்பும். அதற்கு ஈடாக, கன்ட்ரோலர் பாட் இல்லாத நோடுக்கு வந்த கோரிக்கை கைவிடப்படும் என்பதால், பாடுகளை நோடுகளில் பரவலாக வைக்க வேண்டும். கன்ட்ரோலருக்கு முன்னால் இன்னொரு ப்ராக்ஸி இருந்தால் இது மட்டும் போதாது. அந்த முன் ப்ராக்சியின் முகவரியை மட்டும் நம்பகமானதாகக் கன்ட்ரோலரிடம் சொல்லி, அது தரும் ஃபார்வர்டட் தலைப்பை (பார்வையாளரின் ஐபி எழுதிய குறிப்பு) ஏற்கச் செய்ய வேண்டும். எல்லோரையும் நம்பு என்று வைத்துவிட்டால் எந்தப் பார்வையாளரும் தான் விரும்பிய ஐபியை எழுதிக்கொண்டு வரலாம்.

கேள்வி: பழைய பாடத்தில் உள்ள யாமலை அப்படியே எழுதினேன்; இந்த வகை எதுவும் இல்லை என்று கிளஸ்டர் மறுக்கிறது.

பதில்: அந்தப் பாடம் 2021-க்கு முந்தையது. இன்கிரசின் நிலைத்த வடிவம் 2020-இல் குபர்நெட்டிசின் 1.19 பதிப்பில் வந்தது; பழைய வி1பீட்டா1 வடிவங்கள் 2021-இல் 1.22 பதிப்போடு நீக்கப்பட்டன. முதல் வரியில் பதிப்பை மாற்றினால் மட்டும் போதாது. ஒவ்வொரு பாதைக்கும் பாத்டைப் (பாதையைப் பொருத்திப் பார்க்கும் விதம்) குறிப்பிட வேண்டும், பின்னணிச் சர்வீசை எழுதும் முறையும் மாறியிருக்கிறது. அந்தப் பாடத்தை மூடி வைத்துவிட்டு வேறொன்றைத் தேடுவது மேல்.

கேள்வி: எங்கள் கிளஸ்டரில் இன்கிரஸ் என்ஜின்எக்ஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை விட்டு வெளியேறுவதாக இருந்தால் இன்கிரசுக்கு அடுத்ததாக வந்த கேட்வே ஏபிஐக்கு நேராகப் போய்விடலாமா, அல்லது வேறொரு இன்கிரஸ் கன்ட்ரோலருக்கா? தளத்தை நிறுத்தாமல் மாற முடியுமா?

பதில்: இன்கிரஸ் ஏபிஐயில் இனிப் புதிய வசதிகள் சேராது, ஆனால் அது நீக்கப்படவும் இல்லை, புதிய வளர்ச்சி எல்லாம் கேட்வே ஏபிஐயில்தான் நடக்கிறது. அது 2023 அக்டோபரில் 1.0 நிலையை எட்டியது. வாசலை அமைப்பவர் கேட்வே என்ற பொருளையும், செயலியை எழுதுபவர் எச்டிடிபிரூட் என்ற பொருளையும் தனித்தனியே எழுதலாம். தலைப்பைப் பார்த்து வழிபிரிப்பது, புதிய பதிப்புக்குப் பத்தில் ஒரு பங்கு போக்குவரத்தை மட்டும் அனுப்புவது போன்றவை தரத்துக்குள்ளேயே வந்துவிட்டதால் அனோட்டேஷன்களை நம்ப வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். இதன் வரையறைகளும் கிளஸ்டருடன் பொதுவாக உடன்வருவதில்லை, தனியே நிறுவ வேண்டும். அவற்றைச் செயல்படுத்தும் கன்ட்ரோலரும் வேண்டும்.

எதற்கு மாறுவது என்பதை உங்கள் விதிகளில் எத்தனை அனோட்டேஷன்கள் உள்ளன என்பதே தீர்மானிக்கட்டும். தளப்பெயர், பாதை, சான்றிதழ் மட்டும் உள்ள எளிய விதிகள் என்றால் கேட்வே ஏபிஐக்கே நேராகச் செல்லுங்கள். இன்கிரஸ்2கேட்வே என்ற கருவி முதல் வரைவை எழுதித் தரும், மீதியை நீங்கள் சரிபார்த்தால் போதும். அமைப்புக் கோப்பின் துண்டுகளையே அனோட்டேஷனில் ஒட்டியிருப்பவர்கள், எங்கே மாறினாலும் அவற்றைத் திருப்பி எழுதத்தான் வேண்டும். ஒருகாலத்தில் வசதி என்று கொண்டாடப்பட்ட அந்தத் துண்டுகளே பின்னர் பாதுகாப்புக் குறையாகக் கருதப்பட்டன. எழுதியவர் வேலை மாறிப் போய்விட்ட துண்டுகளும் அவற்றில் இருக்கும்; ஒவ்வொன்றும் எதற்காக என்று கண்டுபிடிப்பதற்குத்தான், மாற்றும் வேலையைவிட அதிக நாள் பிடிக்கும். அமைதியாகப் படிந்துபோன இயல்பு அமைப்புகளையும் மறந்துவிடாதீர்கள். இன்கிரஸ் என்ஜின்எக்சில் பதிவேற்றத்தின் இயல்பு வரம்பு ஒரு மெகாபைட், பதிலுக்குக் காத்திருக்கும் இயல்பு நேரம் 60 நொடி. புதிய கன்ட்ரோலரில் இவை வேறாக இருக்கும். அந்த வரம்பைத் தெரியாமலே சார்ந்திருந்த செயலி ஏதாவது இருந்தால் மாறிய பிறகுதான் வெளிப்படும்.

நிறுத்தாமல் மாறலாம். டிஎன்எஸ் பதிவின் டிடிஎல் காலத்தை (பதிவை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை) முன்கூட்டியே சில நிமிடங்களாகக் குறைத்துவிடுங்கள். புதிய கன்ட்ரோலரைப் பழையதன் பக்கத்திலேயே, வேறு பெயரோடும் வேறு வெளி ஐபியோடும் நிறுவுங்கள். பழைய விதிகளைத் தொடாமல், அவற்றுக்கு ஈடான புதிய விதிகளை எழுதி, மேலே சொன்ன கர்லின் ரிசால்வ் விருப்பத்தால் ஒவ்வொரு தளத்தையும் புதிய ஐபியில் அழைத்துப் பார்த்துவிடுங்கள். சான்றிதழ்கள் சீக்ரெட்டுகளில் இருப்பதால் இரண்டு கன்ட்ரோலர்களும் அவற்றையே பயன்படுத்தும். ஆனால் செர்ட்மேனேஜர் எச்டிடிபி சரிபார்ப்புக்கு எந்தக் கிளாசைப் பயன்படுத்துகிறது என்பதையும் மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் ஓடுவதாகத் தோன்றி, அடுத்த புதுப்பிப்பில் நின்றுவிடும். பிறகு முக்கியத்துவம் குறைந்த ஒரு தளத்தின் டிஎன்எஸ்சை மாற்றி இரண்டு நாள் பாருங்கள், அதன்பின் மற்றவை. எல்லாம் மாறிய பிறகும் பழைய கன்ட்ரோலரின் பதிவேட்டைத் திறந்து வைத்திருங்கள். டிடிஎல்லை மதிக்காத பழைய நிரல்களும், ஐபியை நேரடியாக எழுதி வைத்த யாரோ ஒருவரின் சிறு கருவியும் அங்கே இன்னும் வந்து தட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பதிவேடு முழு வாரம் ஒரு வரியும் சேராமல் கிடந்தால் ஹெல்ம் கொண்டு அதை நீக்கிவிடலாம்.